அலமாரியில் ஒரு தட்டு காலி: எந்த போரேட் கல்லை வாங்கலாம்?

ஏற்காடு மலையடிவாரத்தில் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளி. அதன் அறிவியல் ஆய்வகத்தில் கண்ணாடிக் கதவு போட்ட பழைய மர அலமாரி ஒன்று நிற்கிறது. மேல்தட்டில் கஞ்சமலை இரும்புக் கல், அடுத்ததில் ஏற்காட்டு பாக்சைட், அதற்கும் கீழே சுண்ணாம்புக் கரட்டு வெள்ளைக் கல், சித்தம்பூண்டிக் குருந்தம், உள்ளங்கை அகலத்தில் ஒரு சார்னோகைட் சில்லு. எல்லாம் யாரோ ஒரு பழைய வாத்தியார் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தவை. கடைசித் தட்டில் ‘போரேட்டுகள்’ (போரான் என்ற தனிமம் ஆக்சிஜனோடு சேர்ந்த கனிமங்கள்) என்று பழுப்பேறிய ஒரு சீட்டு. சீட்டின் மேல் ஒரு வாட்ச் கிளாஸ், ஆய்வகத்தின் குழிந்த கண்ணாடித் தட்டு. அதற்குள் கோலமாவு மாதிரி கொஞ்சம் வெள்ளைத் தூள்.

விரலிடையில் தேய்த்துப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, வெங்காரம், அதாவது போராக்ஸ். வைத்த அன்று அது கற்கண்டு போல நல்ல படிகமாக இருந்திருக்கும். வெங்காரப் படிகம் தனக்குள் நிறைய நீரைக் கட்டிக்கொண்டு நிற்பது. சேலத்துச் சித்திரை வெயிலில், ஜன்னல் சாத்திய அறையில், அந்த நீரில் பாதியை உதறிவிடும். மேலே சுண்ணாம்பு பூக்கும், விரிசல் விடும், கடைசியில் மாவாகும். வைத்த வாத்தியார் ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே கல் ஓய்வு பெற்றுவிட்டது போலிருக்கிறது.

அந்தத் தட்டைப் படமெடுத்து எங்கள் பழைய மாணவர் வாட்ஸப் குழுவில் போட்டதுதான் தாமதம், ஒரே வாரத்தில் 18,000 ரூபாய் சேர்ந்துவிட்டது. சேர்த்த பணத்தில் எதை வாங்குவது என்பதில்தான் ஒரு மாதமாக இழுபறி. பெய்னைட், யெரெமேயெவைட், யூலெக்சைட், சின்ஹலைட் என்று நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன. வெள்ளைக் கல் சுரங்கத்தில் முப்பது வருஷம் கழித்தவன் என்பதால், ஒப்பிட்டு எழுதிக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

முதலில், போரேட்டை ஏன் வெளியிலிருந்து வாங்க வேண்டும்? சேலத்தைச் சுற்றி இவ்வளவு கல் இருக்கும்போது இதையும் ஒரு நடை போய்ப் பொறுக்கி வந்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். போரான் பாறையில் தங்குகிற ஆளே இல்லை. தண்ணீர் கண்ட இடமெல்லாம் கரைந்து ஓடி, கடைசியில் கடலிலோ வற்றிப்போன உப்பு ஏரியிலோதான் சேரும். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றி வெங்காரம் பூப்பதும் அப்படித்தான். நம் சேர்வராயன் மலையின் சார்னோகைட்டோ 700 டிகிரிக்கும் மேலே, பூமியின் ஆழத்தில் வெந்து வந்த பாறை. அந்த வேக்காட்டில் நீர் போயிற்று. நீரோடு போரானும் பெரும்பாலும் போயிற்று. மிஞ்சி நிற்கிற கொஞ்சநஞ்ச போரானையும், பக்கத்தில் சிலிக்கா இருந்தால் டூர்மலின் என்ற கனிமம் வளைத்துப் போட்டுக்கொள்ளும். சிலிக்கா குறைவாக இருந்து, போரான் தப்பி நின்று, சூடும் அழுத்தமும் சரியாக அமைந்தால்தான் கெட்டியான போரேட் ரத்தினம் பிறக்கும். நாலு கிரகமும் ஒரே வீட்டில் உட்கார வேண்டும் என்பது மாதிரி. அரிதாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

பெய்னைட்டுக்கு வாதாடுகிறவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் என் வகுப்புத் தோழர். “ஏம்ப்பா, உலகத்துலயே அரிய கல்லுன்னு கின்னஸ் புக்குல போட்டவன் முட்டாளா? நம்ம பள்ளிக்கூடத்துல அது இருந்தா எத்தனை பேர் பார்க்க வருவாங்க?” என்பது அவர் கட்சி. கதை என்று பார்த்தால் பெய்னைட்டை அடிக்க ஆளில்லை. 1950-களில் பர்மாவின் மோகோக் பக்கம், ரத்தினங்களில் பித்துக்கொண்ட ஆர்தர் பெய்ன் என்ற ஆங்கிலேயர் கையில் கருஞ்சிவப்பாக ஒரு படிகம் சிக்கியது. அதை அவர் 1954-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொடுத்தார். கிளாரிங்புல், ஹே, பெய்ன் என்று மூவர் 1957-ல் அது புதுக் கனிமம் என்று அறிவித்தார்கள். (இந்த மூன்றாவது பெய்ன் வேறு ஆள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் இருவருக்கும் வேறுபாடு உண்டு. தமிழில் எழுதினால் குழம்பத்தான் செய்யும்.) முதல் பெய்ன் பெயரையே கல்லுக்கு வைத்தார்கள். பிள்ளைகள் அதை ‘வலிக்கல்’ என்று மொழிபெயர்த்துச் சிரிப்பார்கள், நிச்சயம்.

அந்த மூவர் சொன்ன வேதிக் கூட்டில் ஒரு முக்கியமான ஆள் விடுபட்டுப் போயிருந்தார். கல்லுக்குள் சிர்க்கோனியம் இருப்பது அப்போது தெரியவில்லை. மூர், அராக்கி இருவரும் 1976-ல் படிக அமைப்பை எக்ஸ்-கதிரால் மறுபடி அலசியபோதுதான் சரியான கூட்டு கிடைத்தது: கால்சியம் ஒன்று, சிர்க்கோனியம் ஒன்று, அலுமினியம் ஒன்பது, ஆக்சிஜன் பதினைந்து, அதோடு ஒரு போரேட் முக்கோணம் (போரான் ஒன்று, ஆக்சிஜன் மூன்று). சிர்க்கோனியமும் போரானும் இயற்கையில் ஒரே கூரையின் கீழ் குடியிருப்பது மிக மிக அபூர்வம். அறுகோணப் படிகம், கடினத்தன்மை பத்துக்கு 8 வரை, ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது) 4-ஐ ஒட்டி. தூக்கிப் பார்த்தால் கையே சொல்லும் கனம்.

நண்பருக்கு நான் சொல்லும் முதல் பதில், அந்தக் கின்னஸ் பட்டம் பழசாகிவிட்டது என்பது. ரொம்ப காலம் உலகம் முழுக்க விரல்விட்டு எண்ணும்படி ஒன்றிரண்டு படிகங்களே இருந்தன என்பது உண்மை. 2005-ல் கின்னஸ் அதற்குப் பட்டம் கொடுத்ததும் உண்மை. ஆனால் அதே காலகட்டத்தில்தான் மோகோக் வட்டாரத்தில் புது இடங்கள் திறந்து, படிகமும் துண்டுமாக ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. இப்போது நம் தொகைக்குள்ளேயே ஒரு பெய்னைட் கிடைக்கும். எப்படிப்பட்டது என்பதுதான் கேள்வி. கண்ணாடி போல ஒளி ஊடுருவி, பட்டை தீட்டி, சிவந்து ஜொலிக்கும் கல் நம்மால் தொட முடியாத விலை. நமக்குக் கிடைப்பது கரும்பழுப்பில், ஒளி புகாத, வறுத்த காப்பிக்கொட்டையின் உடைசல் போன்ற ஒரு சில்லு. அலமாரிக்கு முன் நிற்கும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு அதில் பார்க்க என்ன இருக்கிறது?

இரண்டாவது பதில் கொஞ்சம் சொந்த நோவு. சில வருஷம் முன்னால், பெய்னைட் என்று சொல்லி ஒரு இணைய விற்பனையாளர் அனுப்பிய கல்லை நான் வாங்கிச் சூடு பட்டிருக்கிறேன். ஆசையாகப் பொட்டலத்தைப் பிரித்து, தண்ணீரில் எடை போட்டேன். ஒப்படர்த்தி 4.0 சொச்சம் வந்தது. குதித்தேன். இரண்டு நாள் கழித்து, பழைய கால்குலேட்டர் திரையிலிருந்து உரித்த, ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரண்டு போலராய்டு தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, நடுவில் கல்லைப் பிடித்துத் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டு. பெய்னைட்டாக இருந்தால் ஒரு சுற்றுக்கு நாலு முறை வெளிச்சம் எட்டிப் பார்த்திருக்க வேண்டும். என் கையில் இருந்தது ஆல்மண்டைன் என்ற செங்கார்னெட். அதன் ஒப்படர்த்தியும் 4-ஐ ஒட்டித்தான். ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட அதேதான். ஒளியை இரண்டாகப் பிளக்கிறதா இல்லையா என்பதில்தான் இரண்டும் பிரியும். பெய்னைட் ஒரு பக்கம் மாணிக்கச் சிவப்பாகவும் இன்னொரு பக்கம் செம்பழுப்பாகவும் காட்டும். கார்னெட் எந்தப் பக்கமும் ஒரே முகம். நம் ஊர்ப் பக்கத்து நைஸ் பாறையை உடைத்தாலே உதிரும் கார்னெட்டுக்கு நான் கூரியர் செலவும் கொடுத்திருந்தேன். கேட்டபோது பதில் இல்லை. இந்த அனுபவத்தில் ஒரு லாபம், அந்தப் போலராய்டு தாள்கள் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. பள்ளிக்குக் கொடுத்துவிடுகிறேன்.

மூன்றாவதாக ஒன்றையும் யோசிக்க வேண்டும். மியான்மரிலிருந்து வரும் ரத்தினக் காசு யார் கைக்குப் போகிறது என்ற கேள்வி 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு கூர்மையாகிவிட்டது. அந்நாட்டு அரசு ரத்தின நிறுவனத்தின் மேல் அமெரிக்கா அதே ஆண்டு தடை விதித்தது. பள்ளிக்கூட அலமாரிக்கு இவ்வளவு யோசனை வேண்டுமா என்று கேட்கலாம். எனக்கு வேண்டும் என்றுதான் படுகிறது.

யெரெமேயெவைட்டைப் பரிந்துரைத்தது பெங்களூரில் இருக்கும் குழு உறுப்பினர். வாய்க்குள் நுழையாத பெயர் என்று யாரும் ஆதரிக்கவில்லை, பாவம். சைபீரியாவில், பைக்கால் ஏரிக்குக் கிழக்கே நெர்ச்சின்ஸ்க் வட்டாரத்தில் கிடைத்து, 1883-ல் பிரெஞ்சுக்காரர் தாமூர் விவரித்த கனிமம். பாவெல் யெரெமேயெவ் என்ற ரஷ்யக் கனிமவியலாளரின் பெயர். அலுமினியமும் போரேட்டும் ஃப்ளோரினும் சேர்ந்தது. சைபீரியக் கற்கள் நிறமில்லாமல் சின்னதாக இருந்தன. 1973-ல் நமீபியாவின் கேப் கிராஸ் கடற்கரைப் பக்கம் பென்சில் முனை போல நீண்ட, வெளிர்நீல அறுகோணப் படிகங்கள் வந்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அதைப் பார்த்தால் நமக்கு உடனே காங்கேயம் பக்கத்துப் படியூர் அக்குவாமரைன் நினைவு வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும், தராசு ஏமாறாது. அக்குவாமரைனின் ஒப்படர்த்தி 2.7, இதற்கு 3.3. பிள்ளைகளுக்குச் சோதித்துக் காட்ட இதைவிடச் சுலபமான ஜோடி கிடையாது என்பதை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன். நல்ல நீலம் மட்டும் நம் பணத்துக்கு வராது. வந்தால் அரிசிக் குருணை அளவுக்கு வரும். அந்த அளவுக் கல்லைத் தண்ணீரில் எடை போட்டு ஒரு விடை எடுக்க எந்தப் பள்ளித் தராசாலும் ஆகாது. நிறமில்லாத சின்னப் படிகம் வாங்கலாம். அதை உப்புக்கல் என்று யாராவது துடைத்துப் போட்டுவிடுவார்கள். 18,000-க்குப் பதில் ஒரு லட்சம் சேர்ந்திருந்தால் பேச்சே வேறு.

யூலெக்சைட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அரிதானது என்ற கணக்கிலேயே அது வராது. கலிபோர்னியாவிலும் துருக்கியிலும் வண்டி வண்டியாகத் தோண்டுகிறார்கள். இழை இழையாக நெருக்கிக் கட்டிய கட்டு போன்ற வெள்ளைக் கல். இழைகளுக்குக் குறுக்கே வெட்டி இரண்டு முகத்தையும் மெருகேற்றி, செய்தித்தாள் மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்து கல்லின் மேல்முகத்துக்கே ஏறி வந்து நிற்கும். இழை ஒவ்வொன்றும் ஒளியைத் தன் சுவருக்குள்ளேயே துள்ளவிட்டு மேலே கொண்டுவருவதால் நடப்பது இது. இன்டர்நெட் கேபிளில் ஓடும் அதே வித்தை. டிவி கல் என்று செல்லப்பெயர். விலை சில நூறு ரூபாய்தான். நகம் பட்டாலே கீறும் அளவுக்கு மென்மை. பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரே வருஷத்தில் முகம் மங்கி, டிவி ஓடாமல் போய்விடும். அதனால் என்ன, இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இதை வாங்கலாமா என்று வாக்கெடுப்பே வேண்டாம். நான் என் காசில் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.

மிச்சம் சின்ஹலைட். என் சாய்வு இந்தப் பக்கம்தான்.

இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம், வயலுக்கு அடியில் ரத்தினங்கள் கலந்த சரளைப் படுகை ஒன்று ஓடும். அதை அங்கே தோண்டுகிறவர்கள் ‘இல்லம்’ என்கிறார்கள். சிங்களத்தில் அது சரளைக்குப் பெயர். தமிழ்க்காதில் வீடு என்று விழுகிறது. கற்களின் வீடு என்று வைத்துக்கொண்டால் பொருத்தம்தான். அந்தச் சரளையில் நீலம், கோமேதகம், வைடூரியம் இவற்றோடு, தேன் நிறத்திலும் கருப்பட்டிப் பாகு நிறத்திலும் ஆற்றில் உருண்டு மழுங்கிய சில கற்கள் வரும். எல்லோரும் அதைப் பழுப்பு நிறப் பெரிடாட் என்றே விற்றார்கள், வாங்கினார்கள், மோதிரத்தில் பதித்தார்கள். பெரிடாட் என்பது ஒலிவின் கனிமத்தின் ரத்தினத் தரம். சாதாரணமாகக் கிளிப்பச்சையாக இருக்கும். இலங்கையில் பழுப்பாகக் கிடைக்கிறது போல என்று எண்ணி விட்டுவிட்டார்கள். ஒளிவிலகல், அடர்த்தி எல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போனதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை.

எக்ஸ்-கதிர் வழியாகப் பார்த்தபோது குட்டு உடைந்தது. அமைப்பு ஒலிவினுடைய அமைப்பே. அளவுகள் மட்டும் சுருங்கியிருந்தன. வேதிப் பகுப்பில் சிலிக்கன் இல்லை. அந்த இடத்தில் போரான் உட்கார்ந்திருந்தது. 1952-ல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் கிளாரிங்புல்லும் ஹேயும் அதைப் புதுக் கனிமம் என்று அறிவித்து, தீவின் சமஸ்கிருதப் பெயரான சிம்ஹளத்திலிருந்து சின்ஹலைட் என்று பெயர் வைத்தார்கள். ஐந்து வருஷம் கழித்துப் பெய்னைட்டை அறிவித்தவர்களில் இருவர் இவர்களேதான். நண்பருக்குக் கின்னஸ் கல்லை விட மனமில்லை என்றால், அதே கைகள் முதலில் பெயர் வைத்த கல் இது என்று சொல்லிச் சமாதானம் செய்யலாம்.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஓமலூர் ரோட்டில் போகும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் வெளுத்துத் தெரிகிற சுண்ணாம்புக் கரட்டை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெயரில்தான் சுண்ணாம்பு; உள்ளே இருப்பது மாக்னசைட். அந்த வெள்ளைக் கல் பிறந்தது டியூனைட் என்ற பாறையின் வயிற்றில். டியூனைட் என்றால் ஏறத்தாழ முழுக்க ஒலிவின்தான். கரியமில வாயு கலந்த நீர் வெடிப்புகள் வழியாக ஊறி, ஒலிவினிலிருந்த மக்னீசியத்தைப் பிடுங்கி மாக்னசைட்டாக்கிற்று; சிலிக்கா ஒதுங்கிற்று. சுரங்கத்தில் முப்பது வருஷம் நான் மிதித்துத் திரிந்த அழுக்குப் பச்சைப் பாறை, இலங்கைக் கல்லை யாராகத் தவறி எண்ணினார்களோ அந்த ஒலிவினே. ஆக, சின்ஹலைட்டை வாங்கி அலமாரியில் வைத்தால், அதற்கு மேல்தட்டில் அதன் போலி உறவுக்காரன் பெற்ற வெள்ளைக் கல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. பெய்னைட்டுக்கோ யெரெமேயெவைட்டுக்கோ சேலத்தில் இப்படியொரு ஒட்டு கிடையாது.

உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை ஒரு கூட்டல் கணக்கில் காட்டலாம். பத்தாம் வகுப்புக்கு இது போதும். ஒலிவினில் மக்னீசியம் இரண்டு, சிலிக்கன் ஒன்று, ஆக்சிஜன் நான்கு. மக்னீசியம் ஒவ்வொன்றுக்கும் மின்சுமை +2, சிலிக்கனுக்கு +4, மொத்தம் +8. சின்ஹலைட்டில் மக்னீசியம் ஒன்று +2, அலுமினியம் ஒன்று +3, போரான் ஒன்று +3. மொத்தம் அதே +8. எதிரே ஆக்சிஜன் நான்கும் −8. ஒரு மக்னீசியமும் சிலிக்கனும் எழுந்து போன நாற்காலிகளில் அலுமினியமும் போரானும் உட்கார்ந்துவிட்டன. பந்தியில் ஆள் மாறியது, இலைகள் அதேதான். பெரும்பாலான போரேட்டுகளில் போரான் மூன்று ஆக்சிஜனோடு தட்டையான முக்கோணமாக நிற்கும். இதில் சிலிக்கன் நின்ற மாதிரியே நான்கு ஆக்சிஜனுக்கு நடுவே நிற்கிறது. அந்த நாற்காலியில் உட்கார வேறு வழியில்லை.

இதில் எனக்கு எப்போதும் ருசிக்கிற ஒரு முரண் உண்டு. அணு எடைகளைக் கூட்டினால் ஒலிவின் 140.7, சின்ஹலைட் 126 சொச்சம். இலேசான சரக்கு. ஆனால் கல்லாக எடை போட்டால் சின்ஹலைட்தான் கனம்: ஒப்படர்த்தி ஏறக்குறைய 3.48, பெரிடாட் 3.34. போரான் அவ்வளவு குட்டி. அது உட்கார்ந்ததும் சுற்றியிருப்பவர்கள் நெருங்கி வந்துவிடுகிறார்கள். காலை ஏழரை மணி டவுன் பஸ்ஸில் பள்ளிப் பிள்ளைகள் ஏறிய மாதிரி. ஆள் ஒவ்வொருவரும் இலேசு, பஸ் மட்டும் ஒரு பக்கம் சாய்ந்து போகும்.

இந்த 3.48-க்கும் 3.34-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பள்ளியில் காட்ட முடியுமா? கொலுசு நண்பரின் பட்டறையிலேயே ஒத்திகை பார்த்தேன். என் பழைய சேகரிப்பிலிருந்து ஒரு சின்ஹலைட், 3.12 கேரட், அதாவது 0.624 கிராம். பட்டறைத் தராசின் மேல் ஒரு பிளாஸ்டிக் கப்பில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கிவிட்டு, கல்லைத் தலைமுடியில் கட்டிக் கப்பின் அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு அப்போது காட்டுவது கல் ஒதுக்கிய தண்ணீரின் எடையை. கல்லின் எடையை அதனால் வகுத்தால் ஒப்படர்த்தி. கணக்குப்படி சின்ஹலைட்டானால் 0.179, அதே எடைப் பெரிடாட்டானால் 0.187. வித்தியாசம் எட்டே எட்டு மில்லிகிராம்.

பட்டறைத் தராசோ 10 மில்லிகிராம் படியில்தான் ஏறி இறங்கும். கிலோ கணக்கில் வெள்ளி நிறுக்க அது போதும். அதில் கல்லே 0.62 என்றுதான் காட்டும்; தண்ணீர் 0.18 என்று வந்தால் விடை 3.44, ஒரு படி தாவி 0.19 என்று வந்தால் 3.26. நண்பர் நாலு தடவை தொங்கவிட்டார், நாலு விடை வந்தது. “இதுல என்னத்தை வித்தியாசம் பார்க்கிறது, போப்பா” என்று மின்விசிறியை அணைத்துவிட்டு மறுபடி தொங்கவிட்டார். காற்றுக்குமிழி ஒன்று கல்லில் ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தோம். ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டால் குமிழி ஒட்டாது. அப்புறம் பக்கத்துக் கடையில் மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசை இரவல் வாங்கி வந்தார். அதில் 0.180, 0.179, 0.179. வகுத்துப் பார்த்துவிட்டு, நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் கட்சி மாறினார் என்று சொல்ல மாட்டேன். கல்லைத் திருப்பிக் கொடுக்க மட்டும் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

லென்ஸை வைத்து வித்தியாசம் காட்ட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு கல்லுமே ஒளியை வலுவாக இரண்டாகப் பிளப்பவை. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் ஓரம் இரண்டிலும் இரட்டையாகத் தெரியும். ரத்தினச் சோதனைக் கூடத்தில் ஒளிவிலகல் எண் எடுத்தால் பெரிடாட் 1.654-லிருந்து 1.690 வரை, சின்ஹலைட் சுமார் 1.667-லிருந்து 1.711 வரை. பெரிடாட்டின் நடு எண் ஏறக்குறைய மையத்தில் நிற்கும். சின்ஹலைட்டினுடையது மேல் எண்ணுக்குப் பக்கத்தில் ஒட்டி நிற்கும். விற்பவரிடம் சோதனைச் சீட்டு கேட்கும்போது இந்த எண்களைத்தான் பார்க்க வேண்டும். ‘இயற்கைக் கல், பழுப்பு’ என்று மட்டும் எழுதிய சீட்டுக்கு, எழுதிய மை கூடத் தண்டம்.

சின்ஹலைட்டின் குறைகளையும் சொல்லாமல் விட்டால் பெங்களூர்க்காரர் சண்டைக்கு வருவார். பார்த்த மாத்திரத்தில் யாரும் வாய் பிளக்க மாட்டார்கள். தேன் நிறக் கண்ணாடித் துண்டு என்றுதான் நினைப்பார்கள். நல்ல முக அமைப்புள்ள முழுப் படிகம் கிடைப்பது மிகக் கடினம். சரளையில் உருண்ட கல்லோ பட்டை தீட்டியதோதான் வரும். அதனால் படிக வடிவம் சொல்லிக்கொடுக்க உதவாது. அதற்குப் பெய்னைட்டின் அறுகோணச் சில்லே மேல். கடினத்தன்மை ஆறரையிலிருந்து ஏழு. தரையில் விழுந்தால் உடையலாம், தூசித் துணியால் துடைத்தால் கீறலாம். இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அதற்கு என் ஓட்டு. கண்ணை நம்பி ஏமாந்த உலகம் திருந்திய கதையை, பிள்ளைகள் ஒரு தராசை வைத்துத் தங்கள் கையாலேயே மறுபடி நடத்திப் பார்க்க முடிகிற கல் இந்த நான்கில் நம் பணத்துக்கு இது ஒன்றுதான். விலையும் ஒத்து வருகிறது. நான் விசாரித்த இரண்டு இடங்களிலும் மூன்று கேரட் அளவுக் கல் நம் தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

அப்படியானால் முழுத் தொகைக்கும் பெரிய கல்லாக வாங்கிவிடலாமே என்று பள்ளியின் டீச்சர் கேட்டார். வேண்டாம் என்பது என் யோசனை. மூன்று கேரட் போதும். மிச்சத்தில் ஒரு மில்லிகிராம் தராசு வாங்க வேண்டும். தராசு இல்லாத சின்ஹலைட் வெறும் பழுப்புக் கண்ணாடி. ஏறக்குறைய அதே எடையில் ஒரு பச்சைப் பெரிடாட், அது விலை மலிவு. கருப்பூர்ப் பக்கம் இருக்கும் என் பழைய சகா ஒருவர் முஷ்டி அளவு டியூனைட், வெள்ளைக் கல் நரம்பு ஓடியதாகப் பார்த்து, கொடுக்கிறேன் என்றிருக்கிறார். அதில் கருப்புப் புள்ளியாகக் குரோமைட்டும் இருக்கும்.

வெங்காரத்தையும் விடக் கூடாது. போரேட் தட்டில் முதலில் இருந்தது அதுதான். நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினால் ஆயிற்று. கொலுசுப் பட்டறையில் வெள்ளி முத்தைப் பற்றவைக்கும்போது ஆசாரி பற்றுப் பொடியோடு வெங்காரம் தடவி ஊதுவதைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் பால் பொங்குவது போலப் பொங்கி வெளுக்கும், நீர் போகிறது. பிறகு அடங்கி, கண்ணாடியாக உருகி, வெள்ளியின் மேல் படிந்த அழுக்கைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். அந்தக் கண்ணாடியையே ஒரு கம்பி வளையத்தில் மணியாக உருக்கி, கரட்டுக் குரோமைட்டை அரைத்துத் துளி தொட்டு மறுபடி சுடரில் காட்டினால், ஆறியதும் மரகதப் பச்சையாக நிற்கும். சுண்ணாம்புக் கரட்டுக் கல்லைச் சுண்ணாம்புக் கரட்டுப் பிள்ளைகளே அடையாளம் காணும் சோதனை. வெங்காரத்தோடு மெத்தனாலும் அடர் கந்தக அமிலமும் சேர்த்து, போரானைப் பச்சைச் சுடராகக் காட்டும் சோதனையும் உண்டு. அதை டீச்சர் மட்டும் செய்யட்டும், பிள்ளைகள் தள்ளி நின்று பார்க்கட்டும். வெங்காரத்தை யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதைச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். இந்தத் தடவை படிகம் மாவாகாமல் இருக்க, இறுக்கமான மூடியுள்ள சின்னப் புட்டியில், ஓரத்தில் ஈரப் பஞ்சு ஒன்றோடு வைக்கலாம்.

விற்பவரிடம் நான் மூன்று நிபந்தனை வைத்திருக்கிறேன்: ஒளிவிலகல் எண் போட்ட சோதனைச் சீட்டு, பத்து நாளுக்குள் திருப்பி அனுப்பும் உரிமை, கல்லின் எடை மில்லிகிராம் வரை. முதலாமவர் இரண்டுக்கு ஒத்துக்கொண்டு மூன்றாவதுக்கு முகம் சுளித்தார். இரண்டாமவர் மூன்றுக்கும் சரி என்றார், விலையில் எண்ணூறு ரூபாய் கூட. எண்ணூறை நான் போட்டுக்கொள்கிறேன். குழுவில் ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் ஓட்டைப் போட்டுவிடுங்கள். திங்கட்கிழமை காலை முன்பணம் அனுப்ப வேண்டும். கப்பும் நூலும் சோப்புத் தண்ணீரும் பள்ளியிலேயே இருக்கின்றன. மின்விசிறியை அணைக்க மட்டும் யாராவது ஞாபகப்படுத்துங்கள்.